துண்டுக்கடியில் மூன்றாவது கை

எங்க ஊத்துமேட்டுச் சந்தையில துண்டுக்கடியில மூணாவதா ஒரு கை வந்துச்சுன்னு சொன்னா, வெளியூர்க்காரன் முதல்ல என்ற வாயை மோந்து பார்க்கறான். நான் குடிக்கறதில்லீங்க. குடிச்சிருந்தா இந்தக் கதையை இன்னும் கொஞ்சம் இனிப்பாச் சொல்லியிருப்பேன். நான் நாட்டராயன், மாட்டுத் தரகன், அந்தத் துண்டு என்ற தோள்ல கெடந்த துண்டு, அதுக்கடியில நடந்ததுக்கு என்னை விட்டா வேற சாட்சி கெடையாது, அதனால கேக்கறவங்க கேளுங்க, கேக்க இஷ்டமில்லாதவங்க எந்திரிச்சுப் போய் டீ குடிங்க.

மாட்டுச் சந்தையில வெலையை வாயால சொல்றதில்லை. விக்கறவன் கையும் வாங்கறவன் கையும் ஒண்ணாச் சேரும், மேல தரகன் துண்டைப் போட்டு மூடுவான், உள்ளுக்குள்ள ஒருத்தன் விரலை இன்னொருத்தன் புடிச்சு அமுக்குவான், முழு விரல்னா இவ்வளவு, பாதி விரல்னா இவ்வளவுன்னு ஒரு கணக்கு, வெளிய ரெண்டு பேரும் ஆகாசத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்க, சுத்தி நிக்கறவனுக்கு ஒரு எழவும் தெரியாது. இதுல பொம்பளைங்களுக்கு மட்டும் எடமில்லை. அந்நிய ஆம்பளை கையைப் புடிச்சுக்கிட்டு நடுச் சந்தையில நிக்க எவ ஒத்துக்குவா, எந்தச் சனம் விடும்? அதனால மாட்டுக்குத் தண்ணி காட்டறது, சாணி அள்ளறது, ராத்திரி கத்துனா எந்திரிச்சுப் போய்ப் பார்க்கறது எல்லாம் பொம்பளைங்க, விக்கறது மட்டும் அவிய புருசனோ மச்சினனோ, அதுக்கும் ஆளில்லாதவளுக்கு நான். அவளுக்கு ஒரு வெலை, யாவாரிக்கு ஒரு வெலை, நடுவுல நிக்கறது என்ற சோறு. எல்லாத் தரகனும் அப்படித்தான் பொழைச்சான்.

நாச்சாத்தாளுக்கு ஆளில்லை. புருசன் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போனவன் அங்கயே இன்னொரு குடித்தனம் வெச்சுக்கிட்டான். இவ இன்னொருத்தர் தறிக் குடோன்ல கூலிக்குத் தறி ஓட்டிக்கிட்டு, ஒத்தைப் பொம்பளைப் புள்ளை சுகுணாவைப் பள்ளிக்கோடம் அனுப்பிக்கிட்டு, வூட்டு வாசல்ல ஒரு கெடாரிக் கன்னுக்குட்டியைக் கட்டி வளர்த்துனா. ஒரு வியாழக்கிழமை, ஆடிக் காத்துல சந்தையே புழுதியாக் கெடக்கறப்போ, வளர்ந்து நின்ன அந்தக் கெடாரியைப் புடிச்சுக்கிட்டு வந்து, "நாட்டராயண்ணா, நீங்க துண்டை மட்டும் போடுங், வெலையை நானே பேசிக்கறனுங்"ன்னா.

சந்தையே சிரிச்சுது. எதிர்ல நின்ன பாலக்காட்டு யாவாரிக்கே கூச்சம் வந்து காதெல்லாம் செவந்துபோச்சு. "அம்முணி, நாளைக்குப் புள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?"ன்னேன். "மாப்பிள்ளை வர்றப்போ வரட்டுமுங்ணா, இப்ப துண்டைப் போடுங்"ன்னு கண்ணை இறுக மூடிக்கிட்டுக் கையை நீட்டுனா. போட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, நான் இன்னும் தொடவே இல்லையேன்னாங்க. துண்டைத் தூக்கிப் பார்த்தேன். ரெண்டு கையும் ஒரு சாண் தள்ளி இருந்துச்சு, நடுவுல வெறும் காத்து. மறுபடியும் மூடுனேன். துண்டு நடுவுல மேடா எழும்பி நின்னுச்சு. உள்ள இருந்த அந்தக் கை இவ விரலையும் அமுக்குச்சு, அவன் விரலையும் அமுக்குச்சு, ரெண்டு பேரும் வாய் விட்டு ஒரே வெலையைச் சொன்னாங்க, ரெண்டு பேருக்கும் அதுல ஒரு வருத்தமும் இல்லை. கெடாரி கை மாறுச்சு. எனக்குத்தான் நடுவுல ஒண்ணும் நிக்கலை. பொறவு மூணு பேரும் போய் டீ குடிச்சோம்.

அடுத்த வியாழன்ல இருந்து எல்லாத் துண்டுக்கடியிலயும் அந்தக் கை வந்துச்சு. எருமைக்கு வந்துச்சு, ஆட்டுக்கு வந்துச்சு, கோழிக்கு வந்துச்சு, கடைசியாக் கயித்துக்கடைக்காரன் துண்டைப் போட்டாக் கயித்துக்கும் வந்துச்சு. எங்க சனம் ஒண்ணும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கலை. அது ஆம்பளைக் கையா பொம்பளைக் கையான்னு கொஞ்ச நாள் பேச்சு. உள்ளங்கை காய்ச்சுப் போயிருக்குது, ஆனா நகம் சுத்தமா இருக்குது, அதனால வேலை முடிச்சுக் குளிச்ச கைன்னு முடிவாச்சு. எந்தச் சாதிக் கைங்கறதுல ரெண்டு தெருவுக்குள்ள வெட்டுக்குத்து வரைக்கும் போச்சு, அதுல மட்டும் முடிவு வரலை. ஒருத்தன் அதுக்கு மோதிரம் போட்டுப் பார்த்தான், மோதிரம் வைக்கோல்ல வுழுந்துச்சு. ஒருத்தி வெத்தலை பாக்கு வெச்சுக் குடுத்தா, அதையும் வாங்கலை. அதுக்குன்னு வேணுங்கறது எதுவுமில்லை, வரும், வெலையைச் சொல்லும், போயிரும். பண்ணையக்காரர் கையும் அதுக்கு ஒண்ணுதான், கூலிக்காரன் கையும் ஒண்ணுதான்.

நடுவுல ஒரு கை வந்துட்டதால பொம்பளைங்க எவன் கையையும் தொட வேண்டியதில்லைன்னு ஆச்சு பாருங்க, அதுதான் விசேசம். மேக்கால கணவாய் வரைக்கும், கெழக்கால ஆத்தங்கரை வரைக்கும் இருந்த பொம்பளைங்க அவிய அவிய ஆட்டையும் மாட்டையும் தாங்களே ஓட்டிக்கிட்டு வந்தாங்க, வந்தவங்களுக்குப் பசிச்சுது, இட்லிக்காரி வந்தா, மாட்டுக்கு லாடம் தேஞ்சுது, லாடக்காரன் வந்தான், கொம்பு சீவறவன், மணி விக்கறவன், மூக்கணாங்கயிறு திரிக்கறவன், பஸ்ஸு, வேன், பஞ்சு மிட்டாய். யாரும் யாரையும் கூப்புடலை, யாரும் மனுக் குடுக்கலை, யாரும் அடிக்கல் நாட்டலை, ஆனா ஒவ்வொரு வாரமும் சந்தை ஒரு தெரு நீளம் கூடிக்கிட்டே போச்சு. என்ற பொழப்புல மண்ணு வுழுந்துச்சுன்னு நானும் ஆரம்பத்துல அந்தக் கையைச் சபிச்சவன்தான். ஆனா ஒரு மாட்டுக்குக் கெடைக்கறது கொறைஞ்சாலும் மாடு பல மடங்கு வந்துச்சு, நேர்மையாப் பொழைச்சே ஓலைக் கூரையைப் பிரிச்சு ஓடு போட்டேன். வயித்தெரிச்சல் தன்னால அடங்கிப்போச்சு.

கெடாரி வித்த காசுல நாச்சாத்தா எலும்பும் தோலுமா ரெண்டு காளைக் கன்னு வாங்குனா. எதுக்குன்னு ஊருக்கே தெரியும், ஏன்னா தறி ஓட்டறப்போ அந்தச் சத்தத்துக்கு மேல கத்திக் கத்திச் சொல்லுவா. ரெண்டும் வளர்ந்து ஜோடி சேர்ந்ததும் விக்கறது, அந்தப் பணத்துல பழைய விசைத்தறி ரெண்டு வாங்கறது, வூட்டுலயே போட்டு ஓட்டறது, சுகுணாவைக் காலேஜ் அனுப்பறது. தறி விக்கறவரையும் பார்த்துப் பேசி வெச்சுட்டா. இதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஆள் இருந்தான். நூல் மில்லு ஏஜெண்டு, பைக்குல வந்து ஊர் ஊரா வயசுப் புள்ளைங்களைத் தேடறவன். மூணு வருசம் மில்லுக் காம்பவுண்டுக்குள்ளயே தங்கி வேலை செய்யணும், முடிவுல கல்யாணச் செலவுக்கு மொத்தமா ஒரு தொகை தருவாங்க. போன புள்ளைங்க இருமிக்கிட்டு வந்ததையும் பார்த்திருக்கோம், வராததையும் பார்த்திருக்கோம். அவன் வாசல்ல வண்டியை நிறுத்துனாலே நாச்சாத்தா வெளக்கமாத்தை எடுப்பா. "என்ற உசிரு இருக்கற மட்டும் அந்தக் கேட்டுக்குள்ள என்ற புள்ளை கால் வெக்காது"ம்பா.

அந்த வருசம் மழை ஏமாத்துச்சு. வைக்கோலுக்குத் துண்டு போட்டா அந்தக் கை விரலை அமுக்கறதை நிறுத்தவே மாட்டேங்குது, அவ்வளவு வெலை. சனம் அதைக் காறித் துப்புச்சு. ஈவிரக்கமில்லாத கைன்னு நானே பேசுனேன். ஆனா அந்த வெலை காத்துல பரவித் தஞ்சாவூருக்குப் போச்சு, அங்க வைக்கோலைப் போர் போட்டு வெச்சிருந்தவன் காதுல வுழுந்துச்சு, அவன் லாரியை எடுத்தான். முதல் ரெண்டு லாரி வந்த அன்னிக்கே கை ஒரு விரலைக் கொறைச்சுச் சொல்லுச்சு. பின்னால வரிசையா லாரி வந்துக்கிட்டு இருக்குதுன்னு டிரைவருங்க சொன்னாங்க.

அப்பத்தான் எங்க பேரூராட்சித் தலைவர் சாமியப்பனுக்குச் சனத்து மேல பாசம் பொங்குச்சு. மைக்கைப் புடிச்சு, "ஏழை எளிய மக்களின் வயிற்றில் அடிக்கும் கண்ணுக்குத் தெரியாத சக்திகளை இந்த அரசு வேடிக்கை பார்க்காது"ன்னு முழங்கி, வைக்கோல் இன்ன வெலைக்குத்தான் விக்கணும், மீறுனாப் பறிமுதல்னு தண்டோராப் போட்டார். சனம் கை தட்டுச்சு. கரூர் தாண்டி வந்துக்கிட்டிருந்த லாரிக்காரனுக்குப் போன் போச்சு, அவன் வண்டியைத் திருப்பி வேற சந்தைக்கு வுட்டுட்டான். நல்ல மலிவான வெலைங்க, தங்கமான வெலை, அந்த வெலைக்கு வாங்கத்தான் ஒரு புடி வைக்கோல் இல்லை. மாடெல்லாம் அடிமாட்டு லாரி ஏறுச்சு. நாச்சாத்தா மட்டும் வேப்பந்தழையும் பனையோலையும் ஒடைச்சுப் போட்டு, அரிசி கழுவுன தண்ணிக்கு வூடு வூடாப் போய் நின்னு, அந்த ரெண்டு உசிரைக் காப்பாத்துனா.

மழை வந்துச்சு, சந்தை மறுபடியும் தழைச்சுது, தழைச்சதைப் பார்த்ததும் சாமியப்பனுக்குக் கை அரிச்சுது. சந்தைக்கு ஒரு அலங்கார வளைவு கட்டணும்னார். அம்பது ஊருக்கும் தெரியற மாதிரி ஒசரமா, உச்சியில சிமெண்டுல ஒரு கை வெச்சு. எதுக்குங் வளைவுன்னு கேட்டேன், மாட்டுக்குத் தண்ணித் தொட்டியே இல்லையேன்னு. "ஏனுங் நாட்டராயன், ஊரு வளர்ந்துருக்குதுன்னு வர்றவனுக்கு எப்படித் தெரியும்?"ன்னார். காண்ட்ராக்ட்டு அவர் மச்சானுக்கு. செலவுக்கு மாட்டுச் சுங்கத்தைக் கூட்டுனாங்க. அது பத்தலைன்னு கயித்துக்கு ஒரு சுங்கம், பத்தலைன்னு மணிக்கு ஒரு சுங்கம், கடைசியில புளியமர நெழல்ல மாட்டை நிறுத்துனா அதுக்கும் ஒரு சுங்கம், மாடு வெயில்ல நுரை தள்ளிக்கிட்டு நின்னுச்சு.

சுங்கம் ஏற ஏற அந்தக் கை எளைச்சுது. முதல்ல உள்ளங்கைச் சதை போச்சு, அப்புறம் மணிக்கட்டு, அப்புறம் புடிச்சாத் தோலுக்கடியில எலும்பு தட்டுச்சு. பொம்பளைங்க துண்டுக்கடியில இருந்து கையை எடுக்கறப்போ கண்ணைத் தொடைச்சுக்குவாங்க. சாமியப்பன்கிட்டப் போய்ச் சொன்னோம். நானே பார்க்கறேன்னு வந்து துண்டுக்கடியில கையை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார். எதையும் வாங்கவும் இல்லை விக்கவும் இல்லை, அது எதுக்கு வரப்போவுது? "எனக்கு ஒண்ணும் வர்லியே, எல்லாம் மனப்பிரமை"ன்னு சட்டையை ஒதறிக்கிட்டுப் போயிட்டார்.

மாடு வரத்துக் கொறைஞ்சுது. கொறைஞ்சதால சுங்கம் கொறைஞ்சுது. கொறைஞ்ச சுங்கத்தை ஈடு கட்டச் சுங்கத்தைக் கூட்டுனாங்க. வளைவு பாதியில நின்னு கம்பி துருத்திக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் எவனோ ஒரு அறிவாளி அவர் காதுல ஓத, பச்சைச் சீட்டு வந்துச்சு.

கல்யாணப் பத்திரிகை அடிக்கற பிரஸ்ஸுல அடிச்ச சீட்டுங்க அது, மூலையில ஒரு ஜோடிக் குத்துவெளக்குக் கூட இருக்கும். இனிமே சந்தைக்குள்ள ரூபா செல்லாது, கவுண்டர்ல ரூபாயைக் குடுத்துப் பச்சைச் சீட்டு வாங்கிக்கணும், எல்லா யாவாரமும் சீட்டுலதான், சீட்டைத் திருப்பிக் குடுத்தா ரூபா தருவாங்க, எப்பன்னா, வளைவு தெறந்ததுக்குப் பொறவு. ஊர்க்காரன் எவனும் மாட்டை வெளிச்சந்தைக்கு ஓட்டக் கூடாது, எல்லையில கேட்டுப் போட்டாச்சு. ரூபா பூராச் சிமெண்டாப் போச்சு, சீட்டு எங்க கையில நின்னுச்சு. அதோட வுட்டாரா? ஊர் வளர்ச்சி நிதின்னு வூட்டுக்கு வூடு ஒரு கட்டுச் சீட்டை சும்மாக் குடுத்தார். ரெண்டு வாரம் ஊரே திருவிழாதான், ஆட்டுக்கறி வேகாத வூடில்லை, சாமியப்பன் படத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டுனாங்க. என்ற வூட்டுக்காரியும் மாட்டுனா.

மூணாவது வாரம் அந்தக் கைக்கு வேலை வந்துச்சு. பிரஸ்ஸு ஓட ஓட, சீட்டு பெருகப் பெருக, வெலையைச் சொல்ல அதுக்கு விரல் பத்தலை. விரல் முடிஞ்சு கணுக் கணுவா அமுக்குச்சு, கணு முடிஞ்சு மறுபடியும் விரல்ல ஆரம்பிச்சுது. காலையில ஒரு கோழிக்குத் துண்டைப் போட்டா உச்சி வெயில் வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கும், கோழிக்காரி கை மரத்துப்போய் நின்ன எடத்துலயே அழுவா, வாங்க வந்தவன் கோழியும் வேண்டாம் ஒரு மயிரும் வேண்டாம்னு கையை உருவிக்கிட்டு ஓடுவான். அந்த எலும்புக் கை எங்களைச் சித்திரவதை பண்ணுதுன்னு சனம் சொல்லுச்சு. அட மடச் சனமே, அது எண்ணாம என்ன பண்ணும், அடிச்சு வுட்டவனைப் போய்க் கேளுங்கடான்னு நான் கத்துனேன். வெலை ஏத்தறது கைதான்னு மைக்குல வேற சொல்லியாச்சு, என்ற பேச்சு எங்க எடுபடும்?

நாச்சாத்தா காளைங்க ரெண்டும் அப்பத்தான் ஜோடி சேர்ந்து நின்னுச்சு. திமிலும் நெத்தியும், அந்தக் கண்ணும், இருபது வருசத் தரகுல நான் அப்படி ஒரு ஜோடி பார்த்ததில்லீங்க. தறி விக்கறவர் வேற, "அக்கா, வேற பார்ட்டி கேக்குது, இந்த வாரத்துக்கு மேல நிறுத்தி வெக்க முடியாதுங்"ன்னு ஆளனுப்பிட்டார். வேற வழியில்லாம ஓட்டிக்கிட்டு வந்தா. வாங்க வந்தவன் சாமியப்பனோட மச்சான்காரன்.

துண்டைப் போட்டேன். கை வந்து அவ விரலைப் புடிச்சுது. அமுக்க ஆரம்பிச்சுது, அமுக்குச்சு, அமுக்குச்சு, சூரியன் நடு வானத்துக்கு வந்தும் நிறுத்தலை. வேற எந்த யாவாரத்துலயும் பண்ணாத ஒண்ணை அன்னிக்குப் பண்ணுச்சு, அவ கையை உருவப் பார்த்தா வுடலை. "புடிச்சு வெச்சுருக்குதுங்ணா"ன்னா எங்காதுல. "விக்காதேங்குது அம்முணி"ன்னேன். "விக்கலீன்னா என்ற புள்ளைக்குத் தறி எங்கீங்ணா?"ன்னா.

சாமியப்பன் வந்துட்டார், மச்சானுக்குப் பசிக்குதுன்னு. "என்னம்மா இது, நாடகமா?"ன்னு துண்டைப் புடிச்சு இழுத்து வீசுனார். அடியில வெறுங்கை ரெண்டு. நாச்சாத்தா விரல் அஞ்சும் கன்னிப்போய் நீலம் பாரிச்சு இருந்துச்சு. "சந்தைக் கமிட்டி போட்ட ரேட்டு இருக்குது, அந்த ரேட்டுக்குக் குடுத்துட்டுப் போவட்டும்"னார். அந்த ரேட்டுக்கே ஒரு சாக்கு நெறையச் சீட்டு வந்துச்சு. காளைங்களை ஓட்டறப்போ அதுங்க திரும்பித் திரும்பிப் பார்த்துச்சு, அவ பார்க்கலை, சாக்கு வாயைக் கட்டிக்கிட்டு இருந்தா. ஒரு முனையை நான் புடிச்சேன், ஒரு முனையை அவ புடிச்சா.

தறிக்காரர் சாக்குக்குள்ள கையை வுட்டு ஒரு சீட்டை எடுத்துக் குத்துவெளக்கைப் பார்த்துட்டு, "யாருக்குங்க்கா கல்யாணம்?"ன்னார். அந்த மனுசன் கேலியாக் கேக்கலை, நெசமாவே கேட்டார். எங்க எல்லை தாண்டுனா அது அவ்வளவுதான். தறி ரெண்டும் அந்த வாரமே வேற ஊருக்குப் போயிருச்சு. நாச்சாத்தா பேரூராட்சி ஆபீசுக்கு நடந்தா, திறப்பு விழா முடியட்டும்னாங்க, நடந்தா, முடியட்டும்னாங்க. அவ வேலை செஞ்ச தறிக் குடோன்காரரும் நூல் வாங்க ரூபா இல்லாம, கூலிக்குச் சீட்டை நீட்டி நீட்டிப் பார்த்துட்டு, ஒரு நாள் ஷட்டரை இழுத்து மூடிட்டார். வூட்டுல அடுப்பெரியலை. சுகுணா பள்ளிக்கோடத்துக்குப் போறப்போ எங்க வூட்டு வழியா வரும், என்ற வூட்டுக்காரி ஒரு வாய் திங்கச் சொன்னா, சாப்பிட்டுட்டேனுங் அத்தைன்னு சொல்லும்.

திறப்பு விழா வந்துச்சு. பெரிய பெரிய ஆளுங்க கார்ல வந்து நாடா வெட்டுனாங்க. சாமியப்பன் மைக்குல சொன்னார், இந்த வளைவு எங்க பணமில்லை, உங்க பணம், கையில இருக்கற பச்சைச் சீட்டெல்லாம் இந்த ஊர் வளர்ச்சிக்கு மக்கள் மனமுவந்து குடுத்த நன்கொடை, அந்தத் தியாகத்தை ஊரு மறக்காது, இன்னியில இருந்து அந்தச் சீட்டு செல்லாது. வளைவுத் தூணுல பளிங்குக் கல்லு பதிச்சு நன்கொடையாளர் பேரெல்லாம் வெட்டியிருந்தாங்க. அதிகம் குடுத்தவங்க பேரு மேல. நாச்சாத்தாள் பேரு மேல இருந்து மூணாவது. அவளை மேடைக்குக் கூப்புட்டுப் பொன்னாடை போத்துனாங்க, போட்டோப் புடிச்சாங்க. அந்தப் பொன்னாடையோட நின்னுக்கிட்டே, "ஐயா, என்ற பணம்?"ன்னா. பேண்டு செட்டுக்காரனுக்கு சாமியப்பன் கையை ஆட்டுனார். டமடமன்னு ஆரம்பிச்சுட்டான். அவ வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, ஒருத்தருக்கும் கேக்கலை. எனக்குக் கேட்டுச்சுங்க, அவ சொன்னதை நான் இங்க சொல்ல மாட்டேன்.

வளைவு நின்னுச்சு, அதுக்குள்ள நொழையத்தான் மாடில்லை. சனம் எல்லையைத் தாண்டி வறண்ட ஓடைப் பள்ளத்துக்குப் போச்சு. அங்க மணல்ல கோழியைப் போட்டு முட்டைக்கு மாத்துனாங்க, ஆட்டைப் போட்டு அரிசிக்கு மாத்துனாங்க, ரூபா வெச்சிருந்தவன் ரூபாயைக் குடுத்தான். சுங்கக்காரன் அந்த முள்ளுக்காட்டுக்குள்ள வரலை. ஒரு நாள் யாரோ துண்டைப் போட்டாங்க, கை வந்துச்சு. எலும்பும் தோலும்தான், ஆனா முன்ன மாதிரியே சுருக்கா, சரியா, ஒரு அரை விரல் கூடவும் இல்லை கொறையவும் இல்லை. நான் மணல்ல உக்காந்து அழுதுட்டேன். இனி எல்லாம் சரியாப் போயிரும்னு எம்மனசு குதிச்சுது.

அந்தப் பள்ளத்துக்குத்தான் நாச்சாத்தா வந்தா. கையில கயிறில்லை, பின்னால மாடில்லை. ஒரு பக்கம் மில்லு ஏஜெண்டு, இன்னொரு பக்கம் சுகுணா, துணிப்பையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு.

"நாட்டராயண்ணா, துண்டைப் போடுங்."

"திரும்பிப் போயிரு நாச்சா"ன்னேன். "இது மாட்டுச் சந்தை."

"என்கிட்ட மாடு எங்கீங்ணா இருக்குது?"ன்னா. "இந்தாளு ஒரு தொகை சொல்றானுங். எனக்கு இவன் மேல நம்பிக்கை இல்லை. அந்தக் கை சொல்லட்டும். அன்னிக்கு நீங்க எல்லாரும் சிரிச்சப்போ எனக்கு வந்த கைங்ணா அது. அது யாரையும் ஏமாத்தாது."

"வேண்டாம் அம்முணி. நான் பார்த்துக்கறேன், என்ற வூட்டுல ஒரு வாய் சோறு…"

"எத்தனை நாளைக்குங்ணா?"ன்னா. என்ற வூட்டு நெலவரம் அவளுக்குத் தெரியும். கூரை ஓட்டை வித்துட்டு மறுபடியும் ஓலை போட்டிருந்தேன்.

ஏஜெண்டு கையை நீட்டுனான். அவ கையை நீட்டுனா. துண்டைப் போட்டேன். வராதே, வராதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு வேண்டுனேன். பொண்ணுக்கெல்லாம் வராது, அது யோக்கியமான கைன்னு நெனைச்சேன். துண்டு நடுவுல மேடு எழும்புச்சு. சரி வந்துட்டே, காளைங்களுக்கு அமுக்குன மாதிரி அமுக்கு, நிறுத்தாதே, இவன் பயந்து ஓடற வரைக்கும் அமுக்கு, அவ கையைப் புடிச்சு வெச்சுக்கோன்னு கேட்டேன். அது ஒரு மூச்சு வுடற நேரத்துல வெலையைச் சொல்லி முடிச்சுட்டுப் போயிருச்சு. தயங்கலை, நடுங்கலை. ஏஜெண்டு மூஞ்சி சுண்டிப்போச்சு, அவன் நெனைச்சு வந்ததை விடக் கூட. ஆனா அவனால குடுக்க முடியற வெலைதான். சட்டைப் பைக்குள்ள கையை வுட்டு முன்பணத்தை எண்ண ஆரம்பிச்சான்.

சுகுணா துணிப்பையோட முன்னால நடந்துச்சு. பள்ளத்தோட கரை மேல வேன் நின்னுச்சு, அதுக்குள்ள அதே வயசுல இன்னும் நாலஞ்சு புள்ளைங்க. நாச்சாத்தா பின்னாலயே ஓடி, புள்ளை தலையைத் தடவி, தலைக்கு எண்ணெய் வெச்சுக்கோ கண்ணு, மில்லுச் சத்தத்துக்குக் காதுல பஞ்சு வெச்சுக்கோன்னு என்னென்னவோ சொன்னா. வேன் போயிருச்சு. புழுதி அடங்கறதுக்குள்ள திரும்பி வந்தா.

என்ற வாழ்க்கையில நான் சாமியப்பனைத் திட்டாத நாளில்லை, இன்னும் திட்டுவேன், அந்த ஆளு கட்டைல போறப்பவும் திட்டுவேன். ஆனா அன்னிக்கு எனக்கு அந்தக் கை மேலதான் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அது ஒரு பொய்யும் சொல்லலைங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சொல்லியிருக்கலாம்.

நாச்சாத்தா பணத்தை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு என்னைப் பார்த்தா.

"நல்ல வெலைதானுங்ணா?"ன்னா.

"ஆமா அம்முணி"ன்னேன். "நல்ல வெலைதான்."